ஓடும் குதிரையை நிறுத்தியவர்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கட்டுரை என்றால் பரீட்சைக்கு எழுதியதோடு சரி. ஆனால் ஆறு மாதமாக ஒரு மனிதரை மனசுக்குள்ளேயே சுமந்துகொண்டு திரிகிறேன். அவரை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமே!

என் தாத்தா ஜட்கா வண்டி ஓட்டியவர். ரயிலடியிலிருந்து கடைவீதி வரைக்கும் சவாரி. ஆட்டோக்கள் பெருகிய பிறகு குதிரையை விற்றுவிட்டார். குதிரை தலைதெறிக்க ஓடும்போது ஒரு நேரத்தில் நாலு காலும் தரையில் இருக்காது என்று அவர் அடிக்கடி சொல்வார். நாங்கள் சிரிப்போம். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும், குளம்புச் சத்தத்துக்கு நடுவே சத்தமே இல்லாத ஒரு நொடி வரும் என்று விளக்குவார். அதற்கும் சிரிப்போம்.

போன வருஷம் லேபில் ரிலே பற்றி நடத்தும்போது எங்கள் சார் ஒரு விஷயம் சொன்னார். மின்காந்தத்தை வைத்து கேமரா ஷட்டரைத் திறந்து, ஓடும் குதிரையைப் படம் பிடித்த ஆள் ஒருவர் 1878-லேயே இருந்திருக்கிறார் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா சொன்ன அதே நாலு கால் விவகாரம்! அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவர் பெயர் எட்வர்ட் மைபிரிட்ஜ்.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் 1830 ஏப்ரல் 9-ஆம் தேதி பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் மகரிட்ஜ். அப்பா தானியமும் நிலக்கரியும் விற்ற வியாபாரி. மகனுக்குப் 13 வயது ஆகும்போது இறந்துவிட்டார். பையன் இருபது வயது வாக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, புத்தகம் விற்கும் ஏஜெண்டாக வேலை பார்த்து, 1855-இல் சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் பெயரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். மகரிட்ஜ் மைகிரிட்ஜ் ஆனார், பிறகு மைபிரிட்ஜ் ஆனார். முதல் பெயரின் எழுத்துக்களையும் பழைய சாக்ஸன் ராஜாக்கள் எழுதிய மாதிரி மாற்றிக்கொண்டார். பிறந்த ஊரில் அந்த ராஜாக்கள் முடிசூடிய கல் ஒன்று உண்டு, அதில் பொறித்த பெயர் அது. நம்மில் எத்தனை பேருக்கு டி.சி.யில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர்! நாம் அதை ஆபீஸ் ஆபீஸாக அலைந்து சரி செய்கிறோம். அவர் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்.

குதிரை அவர் வாழ்க்கையில் முதலில் வந்தது எமனாகத்தான். 1860-இல் டெக்ஸாஸ் பகுதியில் அவர் பயணம் செய்த கோச்சு வண்டியின் குதிரைகள் மிரண்டு ஓடி, வண்டி மோதி நொறுங்கியது. தலையில் பலத்த அடி. பல நாள் நினைவே இல்லை. பிறகும் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, ருசியும் வாசனையும் போய்விட்டன. சிகிச்சைக்காக இங்கிலாந்து திரும்பினார். போன மனிதர் புத்தக வியாபாரி. 1867 வாக்கில் திரும்பி வந்த மனிதர் போட்டோகிராபர்!

ஹீலியோஸ் என்று தொழிலுக்குப் பெயர் வைத்துக்கொண்டார். கிரேக்க மொழியில் சூரியன் என்று அர்த்தம். அப்போதைய போட்டோ வேலை எப்படிப்பட்டது தெரியுமா? பெரிய கண்ணாடித் தட்டில் கொலோடியன் ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவவும் வேண்டும். ஆகவே எங்கே போனாலும் இருட்டறையைக் கூடவே கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். யோசெமிட்டி பள்ளத்தாக்கு, அலாஸ்கா, பசிபிக் கரையின் கலங்கரை விளக்கங்கள் என்று அலைந்து திரிந்து பெயர் வாங்கினார். இன்றைக்கு நாம் செல்போனைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டுகிறோம்.

1872-இல் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர், ரயில்வே கம்பெனி முதலாளி, குதிரைப் பைத்தியம். ஸ்டான்ஃபோர்டு 25,000 டாலர் பந்தயம் கட்டினார், அதை ஜெயிக்கத்தான் போட்டோ எடுத்தார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் இருக்கிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது, ஓடும் குதிரையின் கால் எப்படிப் போகிறது என்ற விவரம். அதுவரை ஓவியர்கள், முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டி, மரக்குதிரை மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள். யாரும் பார்த்ததில்லை. பார்க்க முடியாது.

முதலில் படம் எடுத்த குதிரையின் பெயர் ஆக்ஸிடெண்ட். விபத்து இல்லை நண்பர்களே, மேற்கு திசை என்று பொருள்படும் வேறு சொல் அது! பந்தயத்துக்கு வருவதற்கு முன்னால் அது சாக்ரமெண்டோ தெருவில் வண்டி இழுத்த குதிரையாம். இதைச் சொன்னபோது தாத்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பின்னணி வெள்ளையாக இருந்தால்தான் வெளிச்சம் போதும் என்று, அக்கம்பக்கத்தில் கிடைத்த படுக்கை விரிப்புகளையெல்லாம் வாங்கித் தொங்கவிட்டார்களாம். அதைக் கண்டு மிரளாமல் குதிரையைப் பழக்கவே நேரம் பிடித்தது. கிடைத்தது வெறும் நிழல் மாதிரி ஒரு படம்.

இந்த இடத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு கறை விழுகிறது. எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அது பொய் ஆகிவிடும்.

1871-இல் ஃப்ளோரா என்ற இளம்பெண்ணை மணந்தார். அவரைவிட இருபது வயது சின்னவர். 1874-இல் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் போட்டோ ஒன்றின் பின்பக்கம் மனைவி கையெழுத்தில் குட்டி ஹாரி என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். ஹாரி லார்கின்ஸ் என்பவர் குடும்ப நண்பர். அதே அக்டோபர் 17 இரவு கலிஸ்டோகா பக்கம் தேடிப் போய், கதவைத் தட்டி, வெளியே வந்த லார்கின்ஸைச் சுட்டுக் கொன்றார். 1875 பிப்ரவரியில் நாப்பா ஊரில் வழக்கு. தலையில் அடிபட்டதால் புத்தி பேதலித்தது என்று வக்கீல் வாதாடினார். ஜூரிகள் அதை ஏற்கவில்லை, ஆனால் செய்தது நியாயம்தான் என்று சொல்லி விடுதலை செய்துவிட்டார்கள்! அந்தக் காலத்து ஆம்பளைகளின் நியாயம். ஃப்ளோரா அந்த வருஷமே நோயில் இறந்தார். குழந்தையை அனாதை இல்லத்தில் சேர்த்தார் மைபிரிட்ஜ். இதற்கு மட்டும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. போட்டோவில் கால் எங்கே இருக்கிறது என்று நூல் பிடித்த மாதிரி பார்த்த மனிதர், அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை.

சரி, குதிரைக்கு வருவோம்.

1877-இல் மறுபடி ஆக்ஸிடெண்ட்டைப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அது படமே இல்லை, வரைந்தது என்று சிலர் கேலி செய்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நெகட்டிவ் சரியாக வராததால், அதைப் பார்த்து ஒருவர் தீட்டிய ஓவியத்தை, வண்டிக்காரர் முகத்தை மட்டும் போட்டோவில் வெட்டி ஒட்டி, திரும்பப் போட்டோ எடுத்திருக்கிறார்! நம் ரெக்கார்டு நோட்டில் ரீடிங் போடுகிற கதைதான்.

ஆனால் அடுத்த தடவை அவர் செய்ததைப் பாருங்கள். 1878 ஜூன் 15. இடம், பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணை. இன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதே நிலம். பத்திரிகைக்காரர்களை நேரில் வரவழைத்தார். ஓடுபாதையின் ஒரு பக்கம் சாய்வான வெள்ளைச் சுவர், எதிர்ப்பக்கம் நீளக் கொட்டகையில் 12 கேமராக்கள். ஒவ்வொரு கேமராவிலும் பிளவு உள்ள இரண்டு பலகைகள், ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டியவை. அவற்றைத் தாழ்ப்பாள் போலப் பிடித்திருப்பது ஒரு கொக்கி. மின்சுற்று மூடினால் மின்காந்தம் கொக்கியை இழுக்கும், பலகைகள் ஒன்றை ஒன்று தாண்டி ஓடும், பிளவுகள் ஒன்றின் மேல் ஒன்று வரும் அந்தக் கணத்தில் மட்டும் வெளிச்சம் உள்ளே போகும். இந்த மின் ஏற்பாட்டுக்கு உதவியவர் ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே என்ஜினியர். துள்ளோட்டம் ஓடும் குதிரை பின்னால் இழுத்து வந்த சின்ன வண்டியின் சக்கரம் தரையில் இருந்த கம்பிகளில் ஏறிச் சுற்றை மூடியது. பாய்ந்து ஓடும் குதிரைக்கு வண்டி கிடையாதே? அதற்குப் பாதையின் குறுக்கே நூல் கட்டினார். நெஞ்சு பட்டு நூல் இழுபட இழுபட, ஒவ்வொரு கேமராவாக இயங்கியது. அதாவது ஸ்விட்சைப் போட்டது குதிரையே!

அன்று சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரை ஓடும்போது சேணத்தின் வார் அறுந்துவிட்டது. அங்கேயே கழுவிக் காட்டிய தட்டுகளில் அறுந்த வாரும் தெரிந்தது. அதற்கு மேல் வரைந்தது என்று யார் சொல்ல முடியும்?

சாலி கார்ட்னர் படங்களை ஒரே அட்டையில் அச்சிட்டார். கேமராக்களுக்கு நடுவே 27 அங்குலம், இடைவெளி நேரம் வினாடியில் ஏறக்குறைய 25-இல் ஒரு பங்கு, ஒவ்வொரு படமும் வினாடியில் 2000-இல் ஒரு பங்குக்கும் குறைவு என்று அதிலேயே போட்டிருக்கிறது. குதிரை ஒரு மைலை 1 நிமிடம் 40 வினாடியில் கடக்கிற வேகம். சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டேன். 5,280 அடியை 100 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 52.8 அடி. 27 அங்குலம் என்பது 2.25 அடி. வகுத்துப் பார்த்தால் 0.0426 வினாடி, அதாவது சுமார் 23-இல் ஒரு பங்கு. மனிதர் எழுதியது ஏறத்தாழ சரிதான்! 2000-இல் ஒரு பங்கு நேரத்தில் குதிரை நகர்வது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் கால் கலங்காமல் விழுந்திருக்கிறது.

அந்த அட்டையின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது. நாலு காலும் அந்தரத்தில்! ஆனால் நீட்டிக்கொண்டு அல்ல, நாலையும் வயிற்றுக்கு அடியில் மடக்கிக் கூட்டி வைத்திருக்கிறது. தாத்தா ஒன்றுமே பேசவில்லை. அப்பாவைக் கூப்பிட்டார், அம்மாவைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டு மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இனிமேல் சொல்லப் போவதுதான் நான் முக்கியமாக எழுத வந்தது. படம் எடுத்தாகிவிட்டது. அதை வைத்துச் சாப்பிட வேண்டுமே? குதிரை ஸ்டான்ஃபோர்டுடையது, நிலம் அவருடையது, செலவும் அவருடையது. மைபிரிட்ஜிடம் இருந்தது கைத்தொழில் மட்டும். ஆனால் மனிதர் உஷார். அந்த அட்டைகளுக்கு 1878-லேயே தன் பெயரில் காப்புரிமை பதிந்தார். இயங்கும் பொருள்களைப் படம் எடுக்கும் கருவிக்கும் முறைக்கும் 1879 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு பேட்டண்ட் வாங்கினார். அந்த வருஷம் கேமராக்கள் 24 ஆயின. அட்டைகள் விற்றன. அது மட்டும் போதாது என்று அவருக்கே தெரியும். அட்டையை ஒருவர் ஒரு தடவைதான் வாங்குவார்.

ஆகவே ஒரு கருவி செய்தார். ஜூப்ராக்ஸிஸ்கோப் என்று வாயில் நுழையாத பெயர். வட்டமான கண்ணாடித் தட்டின் ஓரத்தில் குதிரையின் ஒவ்வொரு நிலையையும் வரிசையாகத் தீட்டி, அதைச் சுற்றவிட்டு, பிளவுகள் உள்ள இன்னொரு தட்டை எதிர்த்திசையில் சுற்றவிட்டு, விளக்கு வைத்துத் திரையில் காட்டுவது. எதிரெதிராகச் சுற்றும்போது உருவம் ஒடுங்கித் தெரியும் என்பதால், தீட்டும்போதே குதிரையை நீளமாக இழுத்துத் தீட்டினார்கள். 1880-இல் சான்பிரான்சிஸ்கோ மக்கள் காசு கொடுத்து வந்து, திரையில் குதிரை ஓடுவதைப் பார்த்தார்கள். சினிமா பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்பு! அதே தட்டு, அதே குதிரை, ஊருக்கு ஊர் புது டிக்கெட். 1881-இல் பாரிஸ் போனார். அங்கே மேசோனியே என்ற பெரிய ஓவியர், குதிரை வரைவதற்கே பேர்போனவர், தன் வீட்டில் விருந்து வைத்து அவரைக் கொண்டாடினார். 1882 மார்ச் 13 லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவு, கேட்க வந்தவர்களில் இளவரசரும் ஒருவர். ராயல் சொசைட்டி அவருடைய ஆய்வுக் கட்டுரையை வெளியிட ஒப்புக்கொண்டது.

அப்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது.

பாஸ்டனில் அச்சான புத்தகம். குதிரை ஓட்டத்தைப் பற்றியது. எழுதியவர் ஸ்டான்ஃபோர்டின் நண்பர் டாக்டர் ஸ்டில்மன். உள்ளே இருப்பது மைபிரிட்ஜின் படங்கள், பெரும்பாலும் கோடுகளாக வரைந்து மாற்றியவை. முகப்புப் பக்கத்தில் மைபிரிட்ஜ் பெயர் கிடையாது. முன்னுரையில், வேலைக்கு அமர்த்திய திறமையான போட்டோகிராபர் என்கிற அளவில் ஒரு வரி. அவ்வளவுதான். புத்தகத்தைப் பார்த்த ராயல் சொசைட்டி, இது இவர் ஆராய்ச்சிதானா என்று சந்தேகப்பட்டுக் கட்டுரையை நிறுத்திவிட்டது. நேற்று வரை கைகுலுக்கியவர்களுக்கு இன்று அவர் போலி!

நான் சனி, ஞாயிறுகளில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போகிறேன். செமஸ்டர் பீஸ் அதில்தான் பாதி. போன கோடையில் ஒரு குதிரை வண்டிப் பந்தயத்துக்குக் கூட்டிப் போனார்கள். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கேமரா என் கையில் இருந்தது. முன்னணிக் குதிரையின் பிடரி பறக்க, நுரை தெறிக்க ஒரு படம் விழுந்தது. அடுத்த மாதம் பார்த்தால் அந்தப் படம் கடைவீதியில் ஆளுயர பிளக்ஸில் தொங்குகிறது, கீழே ஸ்டுடியோ பெயர். கேமரா அவருடையது, பெட்ரோல் அவருடையது, சம்பளமும் தருகிறார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாத்தாவை மட்டும் சைக்கிளில் உட்கார வைத்து, அந்த பிளக்ஸ் பக்கமாக இரண்டு தடவை ஓட்டிப் போனேன். ஆகவே ஸ்டில்மன் புத்தகக் கதையைப் படித்த இரவு தூக்கமே வரவில்லை.

மைபிரிட்ஜுக்கு வாய் வந்தது. கோர்ட்டுக்குப் போனார். ஸ்டான்ஃபோர்டு மாதிரி ஆளிடம் வழக்கு ஜெயிக்குமா? 1885-இல் தோற்றார். ஆனால் தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டு உட்காரவில்லை. அதற்கு முந்தைய வருஷமே பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்துவிட்டது. இந்த முறை காய்ந்த தட்டு வந்திருந்தது, வேகமும் கூடியிருந்தது. பக்கவாட்டில் 24, முன்னும் பின்னும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று மூன்று திசையிலும் லென்ஸ்கள். குதிரையோடு நிறுத்தவில்லை. கழுதை, ஒட்டகம், யானை, பறவை, படியேறும் பெண், கொல்லன், ஊனமுற்றோர் என்று எல்லாரும் அந்தக் கேமராக்களுக்கு முன்னால் நடந்தார்கள். 1887-இல் வெளிவந்தது 781 தட்டுகள், 20,000-க்கு மேற்பட்ட உருவங்கள்.

விற்ற முறையும் கெட்டிக்காரத்தனம். அத்தனையையும் வாங்கு என்று யாரையும் கழுத்தைப் பிடிக்கவில்லை. முன்பணச் சந்தாதாரர்கள் 781-இல் பிடித்த 100 தட்டுகளைத் தேர்ந்தெடுத்து 100 டாலருக்கு வாங்கலாம். ஓவியனுக்கு வேண்டியது வேறு, டாக்டருக்கு வேண்டியது வேறு, குதிரைக்காரனுக்கு வேண்டியது வேறு அல்லவா? முகப்பில் பெரிதாக அவர் பெயர்!

1888-இல் எடிசனைச் சந்தித்தார். அதற்குப் பிறகு நகரும் படம் வேறு கைகளுக்குப் போய்விட்டது. 1893 சிகாகோ கண்காட்சியில் தனி மண்டபம் கட்டிச் சொற்பொழிவு நடத்தினார். பக்கத்தில் ஆட்டமும் பாட்டமுமாக இருக்கும்போது குதிரைக் கால் பாடம் கேட்க யார் வருவார்கள்? கூட்டம் சேரவில்லை. அடுத்த வருஷம் இங்கிலாந்து திரும்பினார். அப்போதும் பழைய தட்டுகள் சோறு போட்டன. 1899-இல் விலங்குகளின் இயக்கம், 1901-இல் மனித உருவத்தின் இயக்கம் என்று சின்ன, மலிவான பதிப்புகளாக இரண்டு புத்தகங்கள். பாலோ ஆல்டோவில் நூல் கட்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் 20 வருஷத்துக்கு மேல் அந்தக் குதிரைகள் அவரைச் சுமந்திருக்கின்றன. அட்டை, திரை, சந்தா, புத்தகம் என்று நாலு கால்களில்!

மகன் என்ன ஆனான் என்று தேடிப் பார்த்தேன். ஃப்ளோராடோ என்று பெயர். பண்ணைகளிலும் தோட்டங்களிலும் கூலி வேலை செய்து பிழைத்து, 1944-இல் சாக்ரமெண்டோவில் கார் மோதி இறந்திருக்கிறார்.

தகப்பனார் அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, 1904 மே 8-ஆம் தேதி, பிறந்த ஊரான கிங்ஸ்டனிலேயே இறந்தார். கடைசி நாட்களில் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை வெட்டி, அமெரிக்காவின் ஐந்து பெரிய ஏரிகளை அளவு குறைத்துச் செய்துகொண்டிருந்தாராம். ஜூப்ராக்ஸிஸ்கோப்பையும் கண்ணாடித் தட்டுகளையும் ஊருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். உடலை வோக்கிங் என்ற இடத்தில் தகனம் செய்தார்கள். நினைவுக் கல்லும் வைத்தார்கள். செதுக்கியவர் எந்தக் காகிதத்தைப் பார்த்துச் செதுக்கினாரோ, அதில் இருந்த பெயர் மேபிரிட்ஜ்.